ஒரு துளி இரும்பு

உலைக்கூடத்தில் அவளைக் ‘கணக்கக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உலோகம் கலப்பவள். ஒரு தடவைகூட உருக்கிப் பார்த்ததில்லை. கார்ச் சக்கரத்தை வண்டியோடு பிணைத்துத் தாங்கும் ‘கை’ என்ற பாகம், எடையும் குறைய வேண்டும், உடையவும் கூடாது. அலுமினியத்தோடு எதை எவ்வளவு சேர்ப்பது என்று நாலாயிரம் கலவைகளைக் கணக்கிட்டு, ஒன்றைத் தேர்ந்திருந்தாள். அதில் வார்த்த கம்பிகளை இழுத்துச் சோதிக்கும் நாள் அன்று. கார் கம்பெனிக்காரர்களும் வருகிறார்கள்.

காலையில் மகளுக்குப் பின்னல் போடும்போதுதான் பொறி தட்டியது. அலுமினியத்துக்கு இரும்பு ஆகாது. துளி கூடினாலும் உள்ளே ஊசி ஊசியாக உறைந்து விரிசலுக்கு வழி விடும். கணக்கில் புது அலுமினியக் கட்டியில் இருக்கும் சொற்ப இரும்பையே போட்டிருந்தாள்; பழைய சாமானை உருக்கினால் அது கூடிவிடும்.

“அம்மா, வலிக்குது,” என்றாள் மகள். பின்னல் அவ்வளவு இறுகியிருந்தது.

உலைக்காரருக்குப் போன் போட்டாள். “அண்ணே, அந்தக் கம்பிக்கு உருக்கினது எல்லாம் புதுக் கட்டிதானே?”

“பாதி பழைய சாமான்மா. எப்பவும் அப்படித்தானே.”

யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சோதனை அறை வாசலில் மேலாளரை மடக்கிச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “வந்தவங்க உள்ள உக்காந்திருக்காங்க. தாங்கிடுச்சுன்னா விட்டுடலாமே?”

“இன்னைக்குத் தாங்கினா போதாது சார். ரோட்டுல ஆளுங்க உக்காந்து போற வண்டி.”

“அப்ப நீங்களே சொல்லுங்க,” என்று ஒதுங்கிக்கொண்டார்.

உள்ளே போய் அவர்களிடமே சொல்லிவிட்டாள். வந்தவர்களில் மூத்த பெண்மணி, “சரி, இழுங்க, பாப்போம்,” என்றார். முதல் இரண்டு கம்பிகளும் தாங்கின. மேலாளர் அவளை முறைத்தார். மூன்றாவது, பாதி இழுவையிலேயே பட்டென்று முறிந்தது.

பெண்மணி முறிந்த துண்டைப் புரட்டிப் பார்த்தார். “எத்தனை வாரம் வேணும்?”

“ஏழு,” என்றாள், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல்.

அந்த ஏழு வாரத்தில் பழைய சாமானில் இருக்கும் இரும்பை அளந்து, அதன் ஊசிகளை மழுக்க மாங்கனீசு சேர்த்து, கணக்கை முதலிலிருந்து போட்டாள். இந்த முறை உருக்கும்போது உலைக்காரர் பக்கத்திலேயே நின்றாள். இருபது கம்பிகளும் தாங்கின.

அடுத்த வருடம் அந்தக் கையைப் பூட்டிய கார் சோதனைக்காக மேடுபள்ளப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடியபோது, அவள் கேன்டீனில் ஆறிப்போன டீயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலைக்காரர் தேடி வந்தார்.

“அறுபதாவது சுத்து ஓடுது. வாங்க, பாக்கலாம்.”

“நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்கண்ணே,” என்றாள்.