இப்ராஹிம் ஓடாவியின் மஞ்சணத்திக் கட்டை

முகம்மது இப்ராஹிமைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் அவரைப் பற்றி ஊரில் உலவும் பொய் என் வாயிலிருந்து புறப்பட்டது என்பதால், நானே எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

காயல்பட்டினத்துக் கடற்கரையில் தோணி கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். இப்ராஹிம் அப்படி ஒரு ஓடாவி. குட்டையான ஆள், காதில் எந்நேரமும் ஒரு கரித்துண்டு. அவருடைய உளியை யாராவது தொட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். பலகையை விரலால் சுண்டிப் பார்த்தே அது எத்தனை வருஷம் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். இருபது வருஷமாக மற்றவர்கள் கட்டிய தோணிகளுக்கு ஒட்டுப்போட்டே காலம் கழித்தவர். அடிமரம் தொட்டுப் பாய்மரம் வரை தன் கையால் ஒரு தோணி கட்டிக் கடலில் இறக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

நான் கிருபைராஜ். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் சித்திரம் படித்தவன். கோயில் சுவரில் வேதவசனம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, காயலுக்கு வந்து வீட்டுக் கதவுக்கும் தோணிக்கும் வர்ணம் பூசிப் பிழைத்தேன். என்னைவிட வழுவழுப்பாகப் பூச இந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

இங்கிலாந்து ராஜா டில்லிக்கு வந்து முடிசூட்டிக்கொண்ட வருஷம், கொழும்பு வியாபாரி அகமது மீரான் புதுத் தோணி ஒன்று கட்ட முடிவு செய்தார். அவரை நான் அண்ணாச்சி என்பேன், இப்ராஹிம் காக்கா என்பார்; இரண்டும் அண்ணன்தான். யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்குமுன் இப்ராஹிமிடம், "ஏலே, முதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு காட்டு. பிடிச்சா பெரிசும் ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். நிஜத் தோணியில் ஒரு அடி, மாதிரியில் அரை அங்குலம். அந்தக் கணக்கு.

இப்ராஹிம் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு மஞ்சணத்திக் கட்டையை இறக்கினார். அடுப்புப் புகையில் மூன்று வருஷம் கிடந்த கட்டை. அவர் மனைவி ஹமீது பீவி மாதம் ஒருமுறை அதைப் புரட்டிப் போட்டிருக்கிறாள். இது எனக்கு நன்றாகத் தெரியும், கட்டையை இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்தவனே நான்தான். இரண்டு மாதம் உட்கார்ந்து செதுக்கினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே முடி போல ஒரு கோடு ஓடும், அவ்வளவு துல்லியம்.

வர்ணம் என் பொறுப்பு. கதவுக்குப் பூசுகிற கெட்டியில் பூசினால் அந்தக் கோடுகள் எல்லாம் அடைபட்டு தோணி கொழுக்கட்டை ஆகிவிடும். ஆகவே அரைத்த கறுப்பை ஆளி எண்ணெயில் குழைத்து, கற்பூரத் தைலம் விட்டு இளக்கி, மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, பால் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு பூச்சு பூசினால் இரண்டு நாள் காயவேண்டும். பிறகு கணவாய் மீன் ஓட்டால் பைய இழைத்துவிட்டு அடுத்த பூச்சு. நான்கு பூச்சு இப்படி ஒழுங்காகத்தான் போனது.

ஐந்தாவதற்கு ஆளி எண்ணெயும் தீர்ந்தது, தைலமும் தீர்ந்தது. தூத்துக்குடிக்குப் போய் வாங்கிவர வேண்டும். மீரான் அண்ணாச்சியோ திங்கட்கிழமை கொழும்புக்குக் கிளம்புகிறார், அதற்குள் பார்த்தாக வேண்டும். "ரெண்டு நாள் தவணை கேப்போமா?" என்றார் இப்ராஹிம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் முடிச்சுத் தாரேன், ஓடாவியாரே. நீரு போயி ஒறங்கும்" என்றேன்.

பட்டறையில் தோணிகளுக்குத் தடவும் புன்னை எண்ணெய் ஒரு பானை நிறைய இருந்தது. அவ்வளவு பெரிய தோணிக்கு ஆகிற எண்ணெய் இந்தச் சின்னதுக்கு ஆகாதா என்று அதை விட்டுக் கலக்கினேன். அது காயாத எண்ணெய் என்பது கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தூரிகை ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. ஒரு தூரிகைக் கோடு, ஒரு தடம் கிடையாது. என் முகம் அதில் தெரிந்தது. அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன் என்று எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

ஞாயிறு மாலை மீரான் அண்ணாச்சி வீட்டு முன்கட்டில் வைத்தோம். "அல்ஹம்துலில்லாஹ்! என்ன வேலைப்பாடுலே!" என்று அவர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். கீழே வைத்தபோது உள்ளங்கை இரண்டும் கறுப்பு, வெள்ளைச் சட்டையிலும் கறுப்பு. தோணியின் விலாவில் அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"என்னவே இது?" என்று என்னைப் பார்த்தார்.

என் வாய் முந்திக்கொண்டது. "மரம் பச்சை, அண்ணாச்சி. உள்ள இருந்து கசியுது. வர்ணம் எப்படி ஒட்டும்?"

இப்ராஹிம் தோணியின் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். புன்னை வாடை அவருக்குத் தெரியாததா? நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் வாசல்படிப் பக்கம் நகர்ந்தேன். அவரோ, "மரம் என் பொறுப்புதான், காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பச்சை மரம் தெரியாதவனிடம் யார் தோணி கட்டக் கொடுப்பார்கள்? வேலை வேறு ஒருவருக்குப் போனது. பழைய தோணிக்கு ஒட்டுப்போடக்கூட அவரைக் கூப்பிடுவது குறைந்தது. மூன்றாம் மாதம் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவரை வழியனுப்ப நான் போகவில்லை. காய்ச்சல் என்று மனைவி ஹெப்சிபாவிடம் சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். அவள் பாவம், கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: இப்ராஹிம் அங்கே தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறாராம். அந்தக் கை பெட்டிக்கு ஆணி அடிக்கிறது! மறுநாள் காலை மீரான் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, மரம் நல்ல மரம். நான்தான் புன்னை எண்ணெயக் கலந்துட்டேன். பழிய ஓடாவி மேல போட்டுட்டேன். அவர கூப்பிட்டு வேல குடுங்க."

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு சிரித்தார்.

"கப்பல் ஏறுத அன்னைக்கு இப்ராஹிமே இங்கன வந்தான்வே. 'தப்பு மரத்துலதான் காக்கா, கிருபை பூச்சுல கொறயே இல்ல, அவருக்கு வேல குடுக்கத நிறுத்திராதீய'ன்னு சொல்லிட்டுத்தான் போனான். இப்ப நீரு வந்து அவனுக்காவ பழிய ஒம்ம மேல போட்டுக்கிடுதீரு."

"சத்தியமா நான்தான், அண்ணாச்சி" என்றேன். வேதத்தின் மேல் ஆணையிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது. அழுததுதான் என் வாதத்தைக் கெடுத்தது.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "போதும்வே. இப்படி ஒரு சிநேகிதன் கிடைக்க அந்த இப்ராஹிம் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.