சவரிமுத்து மாற்றிப் போட்ட இசைத்தட்டு

மலாயாவில், தங்காக் ஊரில் என் துணிக்கடை வாசலில் மூவார் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்காமலே கத்தினான்: “மாரியண்ணே, கிராமபோன் சவரி போயிட்டாருண்ணே! காலையில பூசைக்குக் கெளம்புனவரு வாசப்படியிலேயே உக்காந்துட்டாராம்.” என் கையிலிருந்த கத்தரி நிற்கவில்லை. சட்டைத் துணியைக் குறுக்காக வெட்டிவிட்டேன். என் தொழிலில் கத்தரி தப்பியது அன்று ஒரு நாள்தான். தங்காக்கில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சவரிமுத்துவை நீங்கள் மூவார் ஆற்றங்கரையில் சைக்கிள் பழுது பார்ப்பவராக அறிவீர்கள். அதற்கு முன்னால் அவர் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். அந்தக் கப்பல் மூவார் ஆற்றைவிட அகலம். அமெரிக்காவின் தெற்குத் துறைமுகம் ஒன்றில் பாய்லர் கெட்டு நின்றபோது, கறுப்பு மக்கள் பாடும் புளூஸ் பாட்டைக் கேட்டு மயங்கி, ஒரு கிராமபோனும் மூன்று இசைத்தட்டும் வாங்கி வந்தார். ஜொகூரில் அவருக்கு அடுத்து அதைக் கேட்ட காது என்னுடையதுதான். சுல்தான் அரண்மனைக் காதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறையில் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்காரர்களின் கதைகளைக் கேட்பேன். கண் தெரியாத ஒருவர், கிட்டாரின் கழுத்தில் தகரக் குவளையைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் பாடுவாராம். கம்பிமேல் கத்தியை வழுக்கிவிட்டால் கிட்டார் விம்முமாம்; போகிற ரயில்கூடக் கொஞ்சம் மெதுவாகப் போகுமாம். ஓர் அம்மாள் பருத்திக் காட்டில் பிறந்து, கூடாரம் கூடாரமாகப் பாடிப் பேர் வாங்கியவர். அவர் குரல் போகாத வீடில்லை. அவரை மட்டும் பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். “அவங்களுக்குப் பருத்தி, நமக்கு ரப்பரு. முதுகு ஒண்ணுதான் மாரி” என்பார் சவரி.

அந்தப் பாட்டில் ஒரு வரி பாடி நிறுத்துவார்கள். நடுவில் கிட்டார் பதில் சொல்லும். பிறகு அதே வரி மறுபடியும் வரும். “ஏண்ணே, அடுத்த வரி மறந்துபோச்சா அந்தம்மாவுக்கு?” என்று கேட்டேன். “மொத தடவ ஊருக்குச் சொல்றதுடா. ரெண்டாவது, தானே நம்புறதுக்கு” என்றார்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டும் வேலு காய்ச்சலில் இறந்துபோனான். ஒப்பாரி தெரிந்த பெண்களெல்லாம் முந்தின மாதமே கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சிய நாலு பெண்களுக்கு ஒரு வரியும் வராது. வேலுவின் மனைவி அஞ்சலை கல்லாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, தண்ணீர் தொடவில்லை, மடியில் வீறிட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. “இவள அழ வைக்கலேன்னா புத்தி பேதலிச்சிரும், புள்ளையும் தங்காது” என்றார்கள். நான்தான் சவரிக்கு ஆளனுப்பினேன். கிராமபோனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் வந்த வேகத்தில், வழியில் ஒரு புலியையாவது முந்தியிருப்பார்.

பாடைக்குப் பக்கத்தில் கிராமபோன் குழாயைத் திருப்பி வைத்ததும் கங்காணி பாய்ந்து வந்தார். “அலமாக்! சாவு வீட்டுல டான்ஸா சவரி?”

“இந்தப் பிளேட்டுல ஒரு அம்மா அழுறதக் கேளுங்க கங்காணியாரே. அப்புறமா என்னைய அடிங்க.”

தாயைப் பறிகொடுத்த பாட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைத்தான் போட நினைத்தார். முதல் வரி தொடங்கியதுமே என் காதில் சொன்னார்: “மாரி, பிளேட்ட மாத்திப் போட்டுட்டேண்டா. இது சொல்லாம கொள்ளாம ஓடிப்போன புருஷன அந்தம்மா ஏசுற பாட்டு!”

ஊசியைத் தூக்கக் கை நீட்டினார். அதற்குள் முதல் வரி முடிந்து, இடைவெளி வந்துவிட்டது. ஒப்பாரியில் ஒருத்தி வரி சொல்லி நிறுத்தினால் மற்றவர்கள் சேர்ந்து இழுக்க வேண்டும், அதுதான் முறை. மொழி தெரியாத அந்த நாலு பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து “ஏ... ராசாவே!” என்று இழுத்தார்கள். அந்தம்மா மறுபடி பாடினார். இவர்கள் மறுபடி இழுத்தார்கள். சவரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மூன்றாவது வரியில் அஞ்சலை நெற்றியில் அறைந்துகொண்டு அழுதாள் பாருங்கள், நான் பார்த்த நூறு சாவிலும் அப்படி ஓர் அழுகை இல்லை. அழுது ஓய்ந்தபின் பிள்ளையை எடுத்து மார்போடு சேர்த்தாள்.

சவரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “செத்தவனைத் திட்டுற பாட்டப் போட்டுட்டேனே” என்று புழுங்கினார். பதினாறாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் அஞ்சலையிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தாண்ணே பாடியிருக்கு அந்தம்மா. எம் புருசன் மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டா போனாரு?”

அந்தத் தோட்டத்து ஒப்பாரியில் இன்றைக்கும் ‘கறுப்பம்மா மெட்டு’ என்று ஒன்று உண்டு. பாடிய அந்தம்மாவுக்கு இது தெரியாது. சவரிக்குத் தெரியும், அந்த நிறைவோடுதான் போயிருக்கிறார்.

கிராமபோன் அவர் மகளிடம் இருக்கிறது. எனக்கு அவர் விட்டுப்போனது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விடும் அந்த இடைவெளி. போன வாரம் கடைக்கு ஒருவர் வந்து வெள்ளைத்துணி கேட்டார். “வீட்டுக்காரிக்கு” என்றார். எனக்குத் தெரிந்த ஆறுதல் கதைகள் ஆயிரம் இருக்கும். ஒன்றையும் எடுக்கவில்லை. கெஜக்கோலைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ பேரு பாக்கியங்க” என்று ஆரம்பித்தார்.