எவரும் படிக்கக்கூடிய சாவி

எங்கள் இரத்த வங்கியில் அவரைப் ‘பூட்டம்மா’ என்றே அழைப்போம். கொடையாளர் பட்டியலைக் காப்பது அவருடைய பணி. பட்டியல் வேறோர் ஊரிலிருந்த சர்வரில் இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டி நுழையும் வழியை அவரே அடைத்துவிட்டார். கணினியில் சாவிக்கோப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். அதற்குப் பொருந்தும் பூட்டு சர்வரில் இருந்தது. “பூட்ட ஊருக்கே காட்டுவேன். சாவிய கூடப்பொறந்தவனுக்கும் தரமாட்டேன்” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மடிக்கணினி உயிரை விட்டது. அந்த நேரம் பார்த்து அறுவை அரங்கிலிருந்து அழைப்பு. பிரசவித்த பெண்ணுக்குக் குருதிப்போக்கு நிற்கவில்லை. மிக அரிய பிரிவு. இருப்பு இரண்டே பை. அவை இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் ஒருவர் வந்து குருதி கொடுக்கவும், அதைச் சோதித்து முடிக்கவும் வேண்டும். அப்பிரிவினர் பதினொருவரின் எண்களும் சர்வரில் இருந்தன.

பீரோவில் வைத்திருந்த பென் டிரைவிலிருந்து சாவியின் நகலைப் புதிய கணினியில் ஏற்றினார், கட்டளையைத் தட்டினார். அனுமதி மறுக்கப்பட்டது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே பதில்.

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவருடைய கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணி, உங்க பூட்டு உங்களையே வெளிய நிக்க வெச்சிடுச்சா?”

“வாய மூடிட்டு போன எடு. நம்பர் கெடச்சதும் நீதான் பேசணும்.”

“பாஸ்வேர்டு ஒண்ணு விட்டு வெச்சிருந்தா இந்நேரம்...”

“இந்நேரம் எவனாவது உள்ள சம்மணம் போட்டு உக்காந்திருப்பான்!”

பதற்றத்தில் திரையில் வந்த பதிலின் கடைசி வரியை மட்டுமே படித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேலேயிருந்து படித்தார். ‘இச்சாவிக்கோப்பை எவரும் படிக்கலாம், ஆகவே இது ஏற்கப்படாது.’

“அடக் கடவுளே!” நெற்றியில் அறைந்துகொண்டார். யார் படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்ற வரம்பு பென் டிரைவில் தங்காது. நகலெடுத்தபோதே சாவி அக்கணினியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் திறந்து கிடந்தது. உடன்பிறந்தவனுக்கும் தராத சாவியை அவரே நடுத்தெருவில் வைத்திருந்தார்!

உரிமையாளர் மட்டுமே படிக்கலாம் என ஒற்றை வரியில் கட்டளையிட்டார். மீண்டும் முயன்றார். சாவிக்கோப்புக்கென்றே அவர் போட்டிருந்த மறைசொல்லைக் கணினி கேட்டது, தட்டினார். பட்டியல் விரிந்தது.

“உள்ள வந்துட்டேன்! எழுது, எழுது!”

முதலாமவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. இரண்டாமவர் வெளியூரில் இருந்தார். மூன்றாவது எண் நெடுநேரம் ஒலித்தது. கொழுந்தன் எழுந்தே நின்றுவிட்டான்.

“ஐயா, ரத்த வங்கிலருந்து பேசறோம். ஒரு அவசரம்...”

“கையெல்லாம் மாவுங்க, ரொட்டிக்கடைல இருக்கேன். கழுவிட்டு ஓடி வரேன். எந்த வாசல்?”

“முன்வாசல்! முன்வாசல்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினர்.

பத்தே நிமிடத்தில், முழங்கையில் மாவு காயாமல், மூச்சிரைக்க அவர் வந்து நின்றார். நண்பகலுக்குச் சற்று முன் மருத்துவரே அழைத்தார்.

“நின்னுடுச்சும்மா. பொண்ணு கண்ணத் தொறந்துட்டா.”

பூட்டம்மா போட்ட கூச்சலில் ஆய்வகமே ஓடி வந்தது.