வின்சன்ட் தப்பிய ஞாயிற்றுக்கிழமை

முதிரை மரத்தூள் ஈரப்பட்டால் மூக்கை அரிக்கும் ஒரு காரமான வாசம் எழும். மாரி மழை ஓட்டில் கொட்ட, அந்த வாசத்துக்கு நடுவே தச்சு மேசையில் இரண்டு பிளாஸ்ரிக் தாயக்கட்டைகள் உருளும் சத்தம்தான் என் பதினைந்தாவது வயது.

மட்டக்களப்பு டவுனில் இருந்த அந்தத் தச்சுப்பட்டறை என் பள்ளித் தோழன் ரெஜியின் தகப்பனுடையது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பம். ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் திரும்பியதும் பட்டறை எங்கள் மூவருக்கும் உரியதாகிவிடும்: ரெஜி, அவனுடைய டொரினக்கா, நாவற்குடாவிலிருந்து நனைந்தபடி சைக்கிளில் வந்து சேரும் நான். அவுஸ்திரேலியாவிலிருந்த அவர்களுடைய மாமா மெல்லிய விதிப்புத்தகம் ஒன்றும் பத்து முகமுள்ள கட்டைகள் இரண்டும் அனுப்பியிருந்தார். ஆளுக்கொரு மனிதரை மனதில் உண்டாக்கி, அவருடைய விபரத்தைக் கடதாசியில் எழுதி, அவராகவே பேசி, அவர் செய்யத் துணிவது பலிக்குமா என்று கட்டை உருட்டிப் பார்ப்பதுதான் விளையாட்டு. சிவப்புக் கட்டை பத்துகளைக் காட்டும், வெள்ளை ஒன்றுகளை. கதையை நடத்துபவன் ரெஜி.

அதில் மந்திரவாதியும் இல்லை, பூதமும் இல்லை. எங்கள் காலத்து ஊர், எங்கள் காலத்துத் துவக்கு. ஒரு வெடி பட்டால் ஆள் போனதுதான். தப்பினாலும் வாரக்கணக்கில் ஆசுபத்திரியில் கிடக்க வேண்டும். 'செத்தவரைத் திருப்பி எழுதேலா' என்று ரெஜி புத்தகத்தின் முன்னட்டையிலேயே எழுதி வைத்திருந்தான். படங்களில் ஒரே ஆள் ஐம்பது பேரை அடிப்பதைப் பார்த்துக் கைதட்டிய எங்களுக்கு, ஒரு கதவைத் தட்டுவதற்கு முன் அரை மணி நேரம் யோசிக்க வைத்த இந்த விளையாட்டுத்தான் மெய்யாகவே நெஞ்சு படபடக்கச் செய்தது. இழக்கக்கூடியது ஒன்று கையில் இருந்தால்தான் மனிதன் கவனமாகப் பேசுகிறான் என்பதை நான் அந்த மேசையில்தான் படித்தேன். ரெஜியின் தகப்பன் எட்டிப் பார்த்து, "கடதாசி மனிசனுக்குக் காலில காயமாம், இதுகள் மூண்டும் சோறும் தின்னாமக் கிடக்குதுகள்" என்று சிரிப்பார்.

என் ஆள் வின்சன்ட், பறங்கி மெக்கானிக். டொரினக்காவின் ஆள் வாவிக்கு அக்கரையில், வவுணதீவில் பெரிய வயல்காரரான போடியார், கந்தப்போடி. தமிழ்ப் பொடியன் பறங்கியாகவும் பறங்கிப் பெட்டை போடியாராகவும் இருந்தது எங்களுக்குப் பெரிய பகிடி. ஆனால் டொரினக்காவுக்கு அது பகிடி மட்டுமல்ல. வீட்டார் அவளைத் தனியே தெருமுனைக்கும் விடமாட்டார்கள். நெல் கொண்டுவரும் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, 'வட்டை' என்றால் வயல்வெளி என்பது தொடங்கி எல்லாம் பொறுக்கிவைத்து, குரலைத் தடிப்பாக்கி, "மனே, வட்டைக்குத் தண்ணி பாயுதா?" என்று அவள் கேட்கும்போது அவள் உண்மையாகவே வாவியைக் கடந்து அங்கே நின்றாள். அந்த மாரி முழுக்க அவள் வெளியே உலாவியது போடியாரின் காலால்தான்.

நான் செய்ததை இனிச் சொல்கிறேன். மரக்கள்ளர் சிலரைக் காட்டிக்கொடுத்துவிட்டு வின்சன்ட் மோட்டார் சைக்கிளில் பறக்கிறான், பின்னால் போடியார். முன்னாலிருந்து வெடி. வின்சன்ட் நேரத்துக்குக் குனிந்தால் அவன் தப்புவான், வெடி பின்னால் இருப்பவருக்குப் போகும். குனியாவிட்டால் அவன் நெஞ்சுக்கு. குனிவதற்கு நாற்பதுக்குள் விழ வேண்டும். உருட்டினேன். எண்பத்துமூன்று. அந்தக் கணத்தில் சாரல் உள்ளே அடிக்க, ரெஜியும் அக்காவும் யன்னலைச் சாத்த ஓடினார்கள். நான் சிவப்புக் கட்டையை ஒரு விரலால் புரட்டி மூன்றாக்கினேன்.

"முப்பத்துமூண்டு," என்றேன்.

டொரினக்கா தன் முறைக்குக் கட்டைகளை நேர்மையாக உருட்டினாள். போடியாருக்கு வயிற்றில் வெடி. மூன்று ஞாயிறு ஆசுபத்திரிக் கட்டிலில் வைத்து உருட்டி, மூன்றாவது ஞாயிறு அவர் இறந்தார். ரெஜி அழுதான், ஆனாலும் எண்ணை மாற்றவில்லை. டொரினக்கா கடதாசியை மடித்து வைத்துவிட்டு, "பரவாயில்லடா, நீயாவது தப்பினாய்தானே" என்றாள். அதற்குப் பிறகு அவள் புது ஆள் எழுதவில்லை. யன்னலோரம் இருந்து தைத்துக்கொண்டே நாங்கள் விளையாடுவதைக் கேட்டாள்.

சில வருடங்களில் மெய்யான துவக்குகள் ஊருக்கு வந்தன. ரெஜி வீட்டார் எல்லோரும் அவுஸ்திரேலியா போனார்கள். நான் இங்கேயே இருந்தேன். வீறாப்பாக ஒரு சொல் சொல்லவோ அவசரமாக ஒரு கதவைத் திறக்கவோ கை எழுந்த நேரங்களில், 'பொறு, என்ன செய்யப் போறாய், வடிவாச் சொல்லு' என்ற ரெஜியின் குரல் என்னைப் பிடித்து நிறுத்தியது. உயிரோடு கிழவனானதற்கு அந்த மேசைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அந்த மேசையில்தான் நான் களவும் செய்தேன்.

ரெஜி அங்கேயே காலமாகிவிட்டான். போன மாதம் டொரினக்கா ஊர் பார்க்க வந்து, பட்டறை இருந்த இடத்தில் போன் கடை இருப்பதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கட்டையைப் புரட்டியதைச் சொல்லிவிட்டேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்தது.

"எளிய நாயே," என்றாள். "மூண்டு கிழமை நான் கிடந்து அழுதன்டா."

"தெரியும், அக்கா."

"எண்பத்துமூண்டா?"

"ஓம்."

"அப்ப எழுது. வின்சன்ட் செத்துட்டான் எண்டு எழுது."

"எழுதினா போடியார் உயிரோட வருவாரா?"

"செத்தவரைத் திருப்பி எழுதேலா. ரெஜி இருந்தா விடுவானா?"

பேனையை எடுத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், இத்தனை வருடமும் வின்சன்ட் எனக்குள் எங்கோ கராஜ் வைத்து, தலை நரைத்து, இருந்துகொண்டுதான் இருந்தான். எழுதினேன். எப்படி விழுந்தான் என்று சொல்லச் சொன்னாள். மழை, சேறு, சரிந்த மோட்டார் சைக்கிள் எல்லாம் சொன்னேன்.

"போடியார் என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

டொரினக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு அந்தத் தடித்த குரலில், "தலையை மடியில வை, மனே. நான் இஞ்சதான் இருக்கன்" என்றாள்.

அந்த ஆட்டத்தில் இனி உயிரோடு ஒருவரும் இல்லை. முறைப்படி தோற்றவனின் நிம்மதியோடு இதை எழுதுகிறேன்.