சீனக் கார் உறையுமென்று ஒஸ்லோ போனேன்

சீனக் காரின் பற்றரி நோர்வேக் குளிரில் உறைந்து செத்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். சிரிக்காதீர்கள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள தொழிற்சாலையொன்றில் பதினெட்டு வருடமாக சைலன்சருக்கு வெல்டிங் செய்கிறவன் வேறு எதை நம்புவான்? மின்சாரக் காருக்குப் புகையில்லை. புகையில்லாத காருக்கு சைலன்சர் எதற்கு? எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள். பற்றரிப் பிரிவுக்கு மாற விரும்புகிறவர்களுக்கு ஒரு படிவம் தந்தார்கள். ஒன்பது மாத வகுப்பு, இருபது இடம், கடைசி நாள் திங்கள். முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை வதனி வீட்டில் சீனக் கார் வாங்கியிருந்தார்கள். அது சாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே!

வெள்ளி, பிற்பகல் 2.40. ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையம். வெளியே மைனஸ் பதினாறு. எனக்கு மட்டும் அது நல்ல சகுனம். காப்பி 54 குரோனர். சந்தோஷத்தில் திட்டவும் மறந்தேன். அழைத்துப்போக வந்தவர் வதனியின் கணவர் குகன், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். காரின் பின்பக்கம் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். சைலன்சர் இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று கிடந்தது.

"என்ன மச்சான், ஏதும் விழுந்திட்டுதோ?"

"ஓம். என்ர வேலை."

வதனி வீடு இருக்கும் லில்லெஸ்ட்ரோம் வரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். மின்சாரக் கார்களின் இலக்கத்தகடு இங்கே 'ஈ' எழுத்தில் தொடங்கும். நாற்பது வரை எண்ணினேன். பிறகு மனம் தாங்காமல் மற்றவற்றை எண்ணினேன். அது சுலபமாக இருந்தது.

சனி, காலை 7.50. மைனஸ் பத்தொன்பது. இரவு முழுக்க வெளியில் நின்ற கார் பனிக்கட்டி போர்த்தியிருந்தது. ஜன்னலோரம் தேத்தண்ணியோடு நின்று மனதுக்குள் இரங்கலுரை தயாரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த குகன் தொலைபேசியை ஒருதரம் தட்டினார். கொஞ்ச நேரத்தில் கார்க் கண்ணாடியில் பனி உருகி வழிந்தது.

"எதுக்கும் ஸ்டார்ட் பண்ணிப் பாருமன்" என்றேன்.

"இது ஸ்டார்ட் பண்ணுற சாமான் இல்லை மச்சான். ஏறி இருந்தால் சரி."

புதுக் காரின் பூசைக்குக் கோயிலுக்குப் புறப்படுமுன் நாலு சில்லுக்கடியிலும் நசுக்க எலுமிச்சை வைக்கவேண்டும். வதனி முதல்நாளே தந்த பூசைப் பையை நான் இரவு காரின் பின்பெட்டியிலேயே வைத்து மறந்துவிட்டேன். ஸ்பெயினிலிருந்து வந்த எலுமிச்சைகள் கல்லாக உறைந்திருந்தன. வைத்தோம். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. மூன்று பக்கவாட்டில் நழுவின. நாலாவது பனியில் சறுக்கி வந்து என் முழங்காலைப் பதம் பார்த்தது. ஐரோப்பா காட்டிய ஒரே எதிர்ப்பு, அதுவும் என்மேல்.

"தேசிக்காய்க்கும் உங்களோட கோவம் அண்ணை" என்று வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். அவற்றை மைக்ரோவேவில் சூடாக்கி மறுபடி வைத்தோம். நசுங்கின.

காலை 9.30. ஒஸ்லோக் கோயிலுக்குப் போகும் வழி. கேட்கக்கூடாதென்று நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"உம்மட பழைய டீசல் எங்கட ஜெர்மன் கார்தானே. ஏன் வித்தனீர்?"

"பதினாலு வருசம் ஓடினது. கவலையாத்தான் வித்தனான். உங்கட ஆக்களும் கரண்ட் கார் விக்கினம்தான். ஆனா இந்த விலைக்கு இவ்வளவும் தரேல்லை."

இந்த நாட்டில் பெரிய கார்த் தொழிற்சாலை எதுவும் இல்லை. யாருடைய வேலையைக் காக்க அவர் கூடக் காசு கொடுக்கவேண்டும், என்னுடையதையா? படிவத்தை எடுத்துக் காட்டினேன். சிவப்பு விளக்கில் நிறுத்தி வாங்கிப் பார்த்தார். ஜெர்மன் மொழி; விசயத்தை நான் சொன்னேன்.

"படியுங்கோவன்."

"ஐம்பத்திமூண்டு வயசிலயோ?"

"நான் நாப்பத்தெட்டில பஸ்சுக்குச் சோதினை எழுதினனான். ரெண்டுதரம் பெயில். இப்ப அதுவும் கரண்ட் பஸ்." பச்சை விழுந்தது. படிவத்தை என் மடியில் போட்டார். "பகிடியை விட்டிட்டுக் கையெழுத்தை வையுங்கோ."

கோயில் வாசலில், சீனக் காரின் வெதுவெதுப்பான இருக்கையில் இருந்தபடி, கையெழுத்து வைத்தேன்.

திங்கள், காலை 5.50. தொழிற்சாலை. மேற்பார்வையாளர் படிவத்தை வாங்கி, பட்டியலின் அடியில் என் பெயரை எழுதினார். வகுப்பில் இருபது இடம். நான் இருபத்துமூன்றாவது ஆள்.