எதெல்வினாவும் இடுப்புப் பட்டையும்

எதெல்வினா லேசில் யாரையும் நம்பமாட்டாள். கடையில் தக்காளி வாங்கினால் குவியலின் அடியில் கிடப்பதை உருவிப் பார்ப்பாள். பூசை முடிந்து பாதிரியார் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால், "ஏதோ கேட்கப் போறார்" என்பாள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய அமெரிக்க ஊரான எல் பாசோவில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. அவள் மகள் யாரெலிக்கு நான்தான் ஞானத்தாய். அந்த உறவில் என்னை "கொமாத்ரே" என்று உரிமையோடு கூப்பிடுவாள், உரிமையோடு என்னையும் சந்தேகப்படுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் கணவன் ரோகெலியோ கூரை போடும் வேலைக்குப் போகிறவன், இந்த நாட்டில் இருக்க அவனிடம் காகிதம் கிடையாது. அவள் அண்ணனோ நாற்பது வயதில் கால்பந்து ஆடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தவன். அன்றிலிருந்து ஓட்டம் என்றாலே அவளுக்கு எமன்.

யாரெலி ஓடக்கூடாது, சைக்கிள் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் காரில் போய்க் காரில் வருவாள். வந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள், பிறகு சோபா, போன், தட்டில் சுடச்சுட தொர்த்தியா ரொட்டி. சாயங்காலம் கோயில் முற்றத்தில் முரசு கேட்கும். மாதாவுக்காக மாத்தசினெஸ் நடனம் ஆடுகிற பிள்ளைகள் நாணல் பாவாடை சலசலக்கக் குதிப்பார்கள். யாரெலி திரையை விலக்கிப் பார்ப்பாள். எதெல்வினா வந்து திரையை இழுத்து மூடுவாள்.

போன செப்டம்பரில் பள்ளியில் பரிசோதித்தபோது பெண்ணுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. வயது பதிமூன்று! மருத்துவமனையிலிருந்து லிசெத் என்ற பெண் வந்து, யாரெலியின் இடுப்பில் தீப்பெட்டி அளவு கருவி வைத்த பட்டை ஒன்றைக் கட்டினாள். ஒரு வாரம் கழற்றக்கூடாதாம்.

"இவ எங்க போறா வர்றானு இது சொல்லுமா?" என்றாள் எதெல்வினா.

"இல்லைங்க சேன்யோரா. அசையறாளா, உக்காந்திருக்காளா, அவ்வளவுதான் தெரியும். அதைப் பாத்துட்டுத்தான் டாக்டர் அடுத்து என்னன்னு சொல்வார்."

அவள் போனதுதான் தாமதம், எதெல்வினா என் சமையலறைக்கு ஓடி வந்தாள். "கொமாத்ரே, இது வேவு பாக்கற மெஷின். ரோகெலியோவைப் பிடிக்கத்தான் வந்திருக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? உன் புருஷனைப் பிடிக்கணும்னா நேரா வாசல்ல வந்து நிப்பாங்க. பொண்ணு இடுப்புல எதுக்குடி கட்டணும்?"

"நீ அப்படித்தான் சொல்வே. அந்த ஆஸ்பத்திரிக்காரி உனக்கு என்ன குடுத்தா?"

எனக்கு வந்ததே கோபம்! அடுப்பில் பீன்ஸ் கருகினாலும் பரவாயில்லை என்று அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

அந்த வாரம் யாரெலியைப் பள்ளி தவிர எங்கும் அசைய விடவில்லை அவள். வாரம் முடிந்ததும் மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன், கோபம் கோபம்தான், பிள்ளை பிள்ளைதானே. விழித்திருக்கும் நேரமெல்லாம் பெண் உட்கார்ந்தே இருக்கிறாள், நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயத் தசை தடிக்கத் தொடங்கியிருக்கிறது, இப்போதே மாற்றினால் சரியாகும் என்றாள் லிசெத்.

எதெல்வினா சிரித்தாள். "மாட்டிக்கிட்டீங்க! அந்த வாரம் நான்தான் வேணும்னே நகர விடலை. மறுபடி கட்டுங்க. எப்பவும் போல இருக்கட்டும், அப்பத் தெரியும்."

மறுபடி கட்டினார்கள். எப்பவும் போலத்தான் இருந்தாள் யாரெலி. வாரம் முடிந்து போனால், முன்பு சொன்னதையே சொன்னாள் லிசெத். ஒரு மாற்றமும் இல்லை.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் எதெல்வினா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கொமாத்ரே. இந்த வாரம் இவ எங்கெல்லாம் போனா?"

"பள்ளிக்கூடம். கார்ல."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதேதான்டி."

"எல்லா வாரமும் அதேதாம்மா," என்றாள் யாரெலி. பிறகு மெதுவாக, "நானும் மாமா மாதிரி விழுந்துடுவேனா?" என்று கேட்டாள்.

எதெல்வினாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஓடினாத்தானே விழுவாங்க?" என்றாள் லிசெத்திடம். அந்தக் குரலில் சந்தேகம் இல்லை, பயம்தான் இருந்தது.

"டாக்டர் பாத்துட்டார் சேன்யோரா. இவ ஓடலாம், ஆடலாம். ஓடணும்."

நானும் விடவில்லை. "உங்கண்ணன் வருஷமெல்லாம் லாரி ஓட்டிக்கிட்டு உக்காந்தே இருந்தவன்டி. என்னைக்கோ ஒரு ஞாயித்துக்கிழமை பந்தைத் தொட்டான். நீ அந்த ஒரு நாளைத்தான் பிடிச்சுக்கிட்டே."

அடுத்த வெள்ளிக்கிழமை யாரெலி மாத்தசினெஸ் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். எதெல்வினா தண்ணீர் பாட்டிலோடு மதில் ஓரம் நின்று, முரசு அடிக்கிறவனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று முடிந்ததும் பெண் மூச்சிரைக்க வந்தாள், முகம் சிவந்திருந்தது. எதெல்வினா அவள் நெஞ்சில் கையை வைத்தாள்.

"அய்யோ! எப்படி அடிக்குது பாரு!"

"அடிக்கட்டும்மா. நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடினாள் யாரெலி.

எதெல்வினா தன் உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றாள். "கொமாத்ரே, இந்த நெஞ்சைக் காப்பாத்தறேன்னுதானே பூட்டி வச்சேன்," என்றாள். அழுதாள். ஆனால் அன்றைக்குக் கடைசி ஆட்டம் முடிகிறவரை மகளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.