சங்கு ஊதும் நேரம்

மதுவிலக்கு வந்ததும் குடிகாரர்கள் எல்லாம் திருந்திவிட்டதாகச் சர்க்கார் நினைத்துக்கொண்டது. ராயபுரத்தில் கள்ளை விட்டவர்கள் வார்னிஷைக் குடித்தார்கள். அப்படிக் குடித்து வீடு வாசல் இழந்த ஹார்பர் கூலிகள் படுத்துக்கொள்ள, ரயில் பாதையோரம் ஒரு பழைய கிடங்கில் சர்க்கார் செலவில் விடுதி நடந்தது. அங்கே கஞ்சியும் சுக்குத் தண்ணீரும் வைப்பது என் வேலை.

சாயங்காலம் ஹார்பர் சங்கு ஊதும் நேரம்தான் அவர்களுக்குக் கண்டம். வேலை விட்டதும் குடிக்கப் போய்ப் பழகிய கால்கள் அல்லவா? அதனால் அவர்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சங்கு ஊதியதும் உள்ளே வந்துவிடுவார்கள். நான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். யார் கெஞ்சினாலும் இருட்டும்வரை திறக்கக் கூடாது. கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். நானும் திருப்பித் திட்டுவேன். இருட்டியதும் அடங்கிப் படுத்துவிடுவார்கள்.

பிறகு சர்க்கார் பணமில்லை என்று கையை விரித்தது. வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

"படுக்க இடம் இருக்கும்மா. ராத்திரி எட்டு மணிக்கு வாட்ச்மேன் திறந்துவிடுவார். சாயந்தரச் செலவை மட்டும்தான் நிறுத்தறோம்."

ஆளைக் கொல்கிற நேரமே அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சங்கு ஊதியபோது, வேலை இல்லாவிட்டாலும் கேட்காமல் வாசலில் போய் நின்றேன். ஒருவன் மட்டும் வந்தான். மூட்டை தூக்குபவன், தீபாவளியிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவன். தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு வாசல் கம்பத்தடியில் உட்கார்ந்தான். தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினான்.

"அக்கா, என்னிய இந்தக் கம்பத்தோட கட்டிப்போட்டுடு. இருட்டினா சரியாப்பூடும்."

"இன்னாடா பேசற? தெருவுல போறவன் பார்ப்பான்டா."

"பார்த்துட்டுப் போறான். கட்டுக்கா."

கட்டினேன். சுக்குத் தண்ணீர் வைத்து எடுத்துவர வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் கூட்டம். வேலை விட்டு வந்தவர்கள், யாரோ திருடனைப் பிடித்துக் கட்டியிருப்பதாக நினைத்து அடித்திருக்கிறார்கள். உதடு கிழிந்திருந்தது.

"திருடன் இல்லன்னு சொல்றதுதானேடா?"

"சொன்னேங்கா. அப்ப எதுக்குக் கட்டி வச்சிக்கீதுன்னு கேட்டானுங்கோ. இன்னான்னு சொல்றது?"

இருட்டியதும் முடிச்சை அவிழ்த்தேன். அன்று அவன் குடிக்கவில்லை. கதவு திறந்ததும் உள்ளே போய்ப் படுத்தான்.

அடுத்த நாள் சங்கு ஊதியபோது கம்பத்தடியில் சுக்குத் தண்ணீரோடு நின்றேன். அவன் வரவில்லை. எட்டு மணிக்கு வாட்ச்மேன் கதவைத் திறந்தார். அதிகாரி சொன்னது போலவே, உள்ளே படுக்க இடம் நிறைய இருந்தது.